ஏணியில் அவரை

சமையலறைக் கதவின் பின்னால் தொங்குகிற
மளிகைக்கடைக் காலண்டருக்கு
மூன்று பேனா வைத்திருக்கிறேன்.
வீட்டு வேலைக்கு நீலம்
செடிகளுக்குப் பச்சை
ஊர் சுற்றச் சிவப்பு.
சிவப்பில் மட்டும்
மை தீர்ந்ததே இல்லை.

தேவனாம்பட்டினத்திலிருந்து
புதுப்பாளையம் வர
உப்புக்காற்று பஸ்ஸுக்கு நிற்பதில்லை.
நேரே வந்து ஜன்னல் கம்பிகளை நக்குகிறது.
தையில் அடித்த பெயிண்ட்
ஆவணிக்குள் செதில்செதிலாய்.
துணி காயப்போட்டுத் திரும்பினால்
முந்தானையில் துருவின் கைரேகை.

பள்ளிக்கூடம் விடுவது மே மாதம்.
செடிகள் சாவதும் மே மாதம்.
கொடைக்கானலில் ஒருமுறை
படகுக்கு வரிசையில் நின்றபடி
மொட்டைமாடியின் நாலாவது தொட்டியை
நினைத்துக்கொண்டே இருந்தேன்.
"ஏரியைப் பாரு" என்றார் இளவழுதி.
பார்த்தேன்.
எவ்வளவு தண்ணீர்!
ஒரு குடம் போதும் என் மிளகாய்ச் செடிக்கு.
திரும்பி வந்தபோது
அது விறகாகியிருந்தது.

ஐப்பசியில் போகலாம்தான்,
வானமே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்.
ஆனால் அப்போதுதான்
வங்கக்கடலில் ஏதாவதொன்று
பெயர் சூட்டிக்கொண்டு சுழலும்.
மின்வாரியக்காரருக்கு லீவு கிடையாது.
ஹாலில் ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே
பெயிண்ட் வாளி;
இரவெல்லாம் டொக், டொக்.
தானே அடித்த வருஷம்
எங்கள் முருங்கை எழுந்துபோய்
ஷம்ஷாத் அக்கா மாடியில் படுத்துக்கொண்டது.
அந்த வருஷம் இந்த வீட்டிலிருந்து
பயணம் போனது அது ஒன்றுதான்.

இந்த முறை ஆடியில்
பின்சுவர் ஓரம் ஆறு அவரை விதை ஊன்றினேன்.
புரட்டாசியில் ஆரோக்கியதாஸ் வந்தார்,
சன்ஷேடு விரிசலை அடைக்க.
மூங்கில் ஏணியைச் சாய்த்து வைத்து
மேலே அண்ணாந்து பார்த்து
"சிமெண்ட் வாங்கிட்டு நாளைக்கு வரேங்க்கா."
அந்த நாளைக்குள்
கெடிலம் இரண்டு தடவை கரை தொட்டு இறங்கியது.

தையில், எதிர்பாராமல்,
நான்கு நாள் அவருக்கு லீவு.
தட்கலில் மூன்று டிக்கெட்.
சாவி ஷம்ஷாத் அக்காவிடம்.
திருப்பாதிரிப்புலியூரில் மைசூர் வண்டி ஏறும்வரை
மோட்டார் சுவிட்சை அணைத்தோமா என்று
மூன்று பேரும் மூன்று பதில்.

காலைதோறும் போட்டோ வந்தது அக்காவிடமிருந்து:
ஈரத் தொட்டிகள்,
ஒவ்வொன்றின் ஓரத்திலும்
மருதாணி போட்ட அவர் கால் கட்டைவிரல்.

மடிக்கேரியில் பனி.
எல்லோரும் பள்ளத்தாக்கைப் படம் எடுத்தார்கள்.
நான் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றேன்.
சிவப்பு ஓட்டு வீடொன்றில்
கம்பளித் தொப்பி போட்ட ஒருவர்
ஏணியில் நின்று
சுவரின் பாசியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
கீழே ரோஜாத் தொட்டிகளுக்குச் சாக்குப் போர்த்தியிருந்தது.
அவருக்கு ஈரம், எனக்கு உப்பு.
எங்கள் கடலைப் பார்க்க
எந்த மாதத்தில் வட்டம் போட்டு
எத்தனை முறை அடித்திருப்பாரோ.
கையசைத்தேன்.
அவர் கரண்டியை அசைத்தார்.

ஊர் திரும்பிய மறுநாள்
சிமெண்ட் மூட்டையோடு வாசலில் ஆரோக்கியதாஸ்.
பின்பக்கம் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்:
"ஏணியைக் காணோங்க்கா."
இருக்கிறது.
பத்துப் படியும் ஏறி
சன்ஷேடைக் கைப்பற்றி
விரிசல் மேலேயே
ஊதாவாய்ப் பூத்திருந்தது அவரை.
கொத்துக்கொத்தாய்க் காய்.

"வெட்டிடவா?"
அவர் கேட்ட தொனியிலேயே
வெட்ட மனமில்லாதது தெரிந்தது.
"காய்ப்பு ஓயட்டும்."
"அப்ப மாசியில வரேன்" என்று
குழம்புக்கு இரண்டு கைப்பிடி பறித்து
ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டு போனார்.
சிமெண்ட் மூட்டை
எங்கள் வீட்டிலேயே இருக்கிறது,
இறுகிக்கொண்டு.

நீலப் பேனாவோடு காலண்டரைப் புரட்டினேன்.
மாசி பிறக்கும் கட்டத்தில்
நிறைமதி ஏற்கெனவே
சிவப்பில் ஒரு கப்பல் வரைந்திருந்தாள்.
எங்கே போகிறது என்று எழுதவில்லை.
அதன் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது.
'ஏணி' என்று எழுதினேன்.